தோட்டமும் பட்டணமும் – 23: எலியிடம் கேட்ட கேள்வி

சென்ற பகுதியில் 1947ஆம் ஆண்டின் கள்ளுக்கடை மறியலைப் பார்த்தோம். பீடோங்கில், ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமி திரட்டிய தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்ற கதை அது. கள் என்பது நிர்வாகத்தின் கண்ணெதிரே, உரிமம் பெற்ற கடையில் விற்ற சரக்கு. இந்தப் பகுதியில் வருவது உரிமமும் கடையும் இல்லாத ஒன்று: ஈர மண்ணில், ஆற்றோரத்தில், கம்பத்து வீட்டுப் பின்புறத்தில் தானாக வளரும் ஒரு மரத்தின் இலை. கெடாவில் கெத்தும் என்றால் தெரியாதவர் இல்லை. பாலிங், சீக் பக்கம் போனால் சிறு பிள்ளையும் மரத்தைக் காட்டும். காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த மரம். இலையைப் பறித்து, மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, வடிகட்டி, பிளாஸ்டிக் பையில் கட்டி விற்கிறார்கள். வேப்பங்கொழுந்தை மென்றதுபோலக் கசக்கும் என்பதால் சர்க்கரையோ குளிர்பானமோ சேர்த்துத்தான் பலர் குடிக்கிறார்கள்.

இது போதைப்பொருளா, ஏழை மனிதனின் மருந்தா? நாடாளுமன்றத்திலும் காவல் நிலையத்திலும் சாப்பாட்டுக் கடையிலும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கும் வழக்கு இது. இந்த வழக்கில் மிகத் தெளிவாகச் சாட்சி சொன்னவை ஆய்வகத்து எலிகள். அவற்றின் சாட்சியம் இரண்டு பக்க வக்கீல்களுக்கும் முழுக்கச் சாதகமாக இல்லை. அதனால்தான் அதை விரிவாக எழுதுகிறேன்.

இலையின் பழைய கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். பினாங்கிலும் புரொவின்ஸ் வெல்லஸ்லியிலும் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் லோ, அபினுக்குப் பதிலாக மலாய்க்காரர்கள் இந்த இலையைப் பயன்படுத்துவதை 1836இலேயே குறித்துவைத்தார். 1907இல் பேராக் அருங்காட்சியகத்தின் லியோனார்ட் ரே, அபினுக்கு மாற்றான இலை என்று தனிக் கட்டுரையே எழுதினார். அதே ஆண்டில் டேவிட் ஹூப்பர் இலையிலிருந்து ஒரு காரப்பொருளைப் பிரித்தெடுத்தார். 1921இல் எடின்பரோவின் எலன் ஃபீல்டு அதற்கு மித்ராகைனின் என்று பெயர் வைத்தார். 1932இல் கேம்பிரிட்ஜில் கே.எஸ். கிரேவால் அதை விலங்குகளிடமும் ஒரு சில மனிதர்களிடமும் சோதித்தார். அவர் கண்டது விசித்திரம். அபினுக்கு மாற்று என்று பேர்போன இலையின் சத்து, கொக்கெய்ன் போல நரம்புகளைத் தூண்டுகிறது என்று அவர் எழுதினார். ஒரே இலை இரண்டு முகம் காட்டியது. இந்த முரணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எலி இதற்குப் பதில் சொல்லும்.

அபினுக்கு மாற்று என்ற இந்தப் பேர்தான் இலைக்கு வில்லங்கமானது. கெடாவில் அபின் என்பது அரசாங்க வருமானம். 1909இல் சயாம் கெடாவை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கும் முன்பு அபின் குத்தகை பினாங்குச் சீன வணிகக் குடும்பங்களின் கையில் இருந்தது. பிறகு அரசாங்கமே விற்றது. மரத்தில் இலவசமாகக் கிடைக்கும் இலைக்கு எந்த அரசாங்கமும் வரி போட முடியாது. எல்லைக்கு அப்பால் இது இன்னும் வெளிப்படையாக நடந்தது. அபின் வரி குறைகிறது என்ற காரணம் பின்னால் நிற்க, தாய்லாந்து 1943இல் தனிச் சட்டம் போட்டு இந்த மரத்தை நடுவதையே தடை செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஜப்பானியர்கள் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு நான்கையும் தாய்லாந்திடம் ஒப்படைத்தார்கள். அதற்கடுத்த மாதமே, போர் முடிந்து தாங்கள் திரும்பியதும் அபின் புகைப்பதை அடியோடு தடை செய்வோம் என்று பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. ஒரே ஆண்டில் ஒருவர் இலையைத் தடுத்தார், மற்றவர் அபினைத் தடுப்பதாக வாக்குக் கொடுத்தார். இடையில் மாட்டியவர்கள் இரண்டுக்கும் பழகிப்போன உழைப்பாளிகள்.

தோட்டத்துத் தமிழருக்கும் இந்த இலைக்கும் என்ன உறவு என்று வாசகர் கேட்கலாம். மிகைப்படுத்த மாட்டேன். கெத்தும் குடிப்பவர்களில் பெரும்பாலோர் கம்பத்து மலாய்க்காரர்கள். நம்மவர்களைக் கெடுத்ததில் கள்ளும் சம்சு என்ற மலிவுச் சாராயமும்தான் முதலிடம். ஆனால் 1970களில் ஹெராயின் வடக்கு மாநிலங்களுக்குள் இறங்கிய பிறகு கணக்கு மாறியது. பால் மரங்கள் வெட்டப்பட்டு எண்ணெய்ப் பனை வந்தது. லயத்து வீடுகளைக் காலிசெய்துகொண்டு குடும்பங்கள் சுங்கைப் பட்டாணி, கூலிம், லூனாஸ், பாடாங் செராய் என்று பட்டண ஓரங்களுக்குப் பெயர்ந்தன. இனம் பார்க்காமல் இளைஞர்களைப் பிடித்தது அந்தத் தூள். 1983இல் அரசாங்கம் போதைப்பொருளை நாட்டின் முதல் எதிரி என்று அறிவித்தது. ஹெராயின் கிடைக்காத நாளில், வாங்கக் காசில்லாத நாளில், கியான் என்ற போதைத் தவிப்பு வந்து உடம்பு முறுக்கும்போது, அந்த மனிதனுக்கு எட்டிய தூரத்தில் இருந்தது பக்கத்துக் கம்பத்துக் கெத்தும் தண்ணீர். 2003இல் மித்ராகைனின் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. அந்தச் சட்டத்தின் 30(3) பிரிவின்படி 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது நான்கு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

சட்டம் வந்த பிறகுதான் ஆராய்ச்சி சூடுபிடித்தது. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையம் இதில் செய்த வேலை உலகத்தில் வேறெங்கும் நடக்காதது. விஸ்வேஸ்வரன் நவரத்தினம், விக்னசிங்கம் பாலசிங்கம், சுரேஷ் நாராயணன், ஷரிஃப் மாசுஃபி மன்சோர், சூரினா ஹசான், தர்ஷன் சிங் என்று அந்த மையத்தோடு சேர்ந்த பெயர்களைப் பாருங்கள். மலாயாவின் பல இனங்கள் அதில் இருக்கின்றன. விக்னசிங்கம் குழு முதலில் குடிப்பவர்களிடமே போனது. கெடாவிலும் பினாங்கிலும் 136 பேரைச் சந்தித்து, சிறுநீரும் சோதித்து, 2010இல் முடிவை வெளியிட்டது. சராசரி வயது 38.7. நாளுக்குச் சராசரியாக மூன்று கிளாஸ். ஏறக்குறைய 77 விழுக்காட்டினர் முன்பே வேறு போதைப்பொருள் பழகியவர்கள். ஏன் குடிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்னது: ஹெராயினைக் குறைக்க, நிறுத்தினால் வரும் வேதனையைத் தாங்க, இது மலிவு என்பதால். தென் தாய்லாந்தில் வெயிலில் வேலை செய்யத் தெம்புக்காக இலையை மென்றார்கள். கெடாவில் ஹெராயினிலிருந்து தப்பிக்கக் குடித்தார்கள்.

ஆனால் குடிப்பவர் வாய்ச்சொல்லை நீதிமன்றமும் அமைச்சும் ஏற்குமா? போதைக்காரன் தன் போதைக்கு நியாயம் சொல்கிறான் என்றுதான் பதில் வரும். அதே குழுவினர் பின்னர் 293 பேரிடம் செய்த ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவர்கள் இலையையே விட முடியாத அளவுக்குக் கடுமையாகப் பழகியிருந்தார்கள் என்பதும் தெரிந்தது. எனவே கேள்வியைப் பொய் சொல்லத் தெரியாத, வழக்கில் லாப நட்டம் இல்லாத ஓர் உயிரிடம் கேட்க வேண்டியிருந்தது.

பேசத் தெரியாத எலியிடம், 'உனக்குள் எப்படி இருக்கிறது?' என்று எப்படிக் கேட்பது? இதற்கு மூன்று வழிகள் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உருவானவை. 1951இல் ஜான் காங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர், சாராயம் உள்ளே போன நிலையையும் போகாத நிலையையும் எலி பிரித்தறிந்து அதற்கேற்ப நடக்கும் என்று காட்டினார். 1960களில் டொனால்ட் ஓவர்ட்டன் அதை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார். 1962இல் ஜேம்ஸ் வீக்ஸ், எலியின் ரத்தக்குழாயில் மெல்லிய குழாய் பொருத்தி, அது தானே பிடியை அழுத்தி மார்ஃபின் ஏற்றிக்கொள்ளும் கருவியைச் செய்தார். மூன்றாவது வழி, மருந்து கிடைத்த இடத்துக்கு எலி திரும்பிப் போக விரும்புகிறதா என்று பார்ப்பது.

முதல் வழியைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். இந்தக் கதையின் நெஞ்சு அதில்தான் இருக்கிறது. ஒரு சிறிய பெட்டி. சுவரில் இரண்டு பிடிகள், நடுவில் தீனி விழும் குழி. எலிக்குச் சாப்பாடு அளந்து கொடுக்கப்படுவதால் அது எப்போதும் கொஞ்சம் பசியோடு இருக்கும். ஒரு நாள் மித்ராகைனின் ஊசி, மறுமுறை வெறும் கரைசல் ஊசி. சற்று நேரம் கழித்துப் பெட்டிக்குள் விடுவார்கள். மருந்து ஏறிய நாளில் ஒரு பக்கத்துப் பிடியைப் பத்து முறை அழுத்தினால்தான் தீனி. வெறும் கரைசல் நாளில் மறுபக்கத்துப் பிடியை. பெட்டியில் வேறெந்த அடையாளமும் கிடையாது. விளக்கு ஒன்றுதான், வாசம் ஒன்றுதான். இன்றைக்கு எந்தப் பிடி என்பதை எலி தன் உடம்புக்குள்ளிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் தடுமாறும், இரண்டையும் மாற்றி மாற்றி அழுத்தும். வாரக்கணக்கான பயிற்சிக்குப் பிறகு, பெட்டிக்குள் வந்ததும் நேராகச் சரியான பிடிக்குப் போகும். அப்போது அதற்கு மருந்தின் உணர்வு பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். இனி நீங்கள் வேறொரு மருந்தைக் கொடுத்துக் கேட்கலாம்: இது உனக்கு எதுபோல இருக்கிறது? எந்தப் பிடிக்குப் போகிறதோ, அது பதில்.

2015இல் நோர்சியிஃபா ஹாருன், சூரினா ஹசான், நவரத்தினம், மன்சோர் ஆகியோர் நியூகாசில் பல்கலைக்கழகத்தின் முகமது ஷோயிப்போடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இப்படித்தான் நடந்தது. ஒரு கூட்டம் எலிகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் மித்ராகைனினை அடையாளம் காணப் பழக்கினார்கள். இன்னொரு கூட்டத்துக்கு 5 மில்லிகிராம் மார்ஃபினை. பிறகு மாற்றிக் கொடுத்தார்கள். மித்ராகைனின் பழகிய எலி, மார்ஃபின் ஏறியதும் மித்ராகைனின் பிடிக்கே போனது. மார்ஃபின் பழகிய எலி, மித்ராகைனின் ஏறியதும் மார்ஃபின் பிடிக்கே போனது. உள்ளுக்குள் இரண்டும் ஒன்றுபோல இருக்கிறது என்று இரண்டு பக்கத்திலிருந்தும் சாட்சி. இலையில் மிகச் சொற்பமாக இருக்கும் இன்னொரு பொருளான 7-ஹைட்ராக்சிமித்ராகைனினைக் கொடுத்தபோது, அது குறைந்த அளவிலேயே அதே உணர்வைத் தந்தது. அதோடு நிற்கவில்லை. கொக்கெய்ன் கொடுத்தபோதும் எலிகள் ஓரளவுக்கு மித்ராகைனின் பக்கம் சாய்ந்தன. கேம்பிரிட்ஜில் கிரேவால் கண்ட இரண்டாவது முகம் 83 ஆண்டுகள் கழித்து எலியின் விரலில் உறுதிப்பட்டது. நான் படித்த ஆராய்ச்சி முடிவுகளில் என்னை இவ்வளவு நிறுத்தி வைத்தது வேறில்லை. அபினுக்குப் பதில் குடித்த கெடாக்காரரும், வெயிலில் தெம்புக்கு மென்ற தாய்லாந்துக்காரரும் இருவருமே உண்மை சொல்லியிருக்கிறார்கள்.

அரசுத் தரப்புக்கு இன்னும் வலுவான சாட்சியமும் அதே மையத்திலிருந்தே வந்தது. யூசோஃப், மன்சோர், நவரத்தினம், ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்துக் கிறிஸ்டியன் முல்லர் ஆகியோர் அடங்கிய குழு 2016இல் அச்சிட்ட கட்டுரையில், எலிகள் மித்ராகைனின் கிடைத்த அறையை விரும்பித் திரும்பின. நாள்பட ஏற்றி நிறுத்தியபோது உடல் வேதனைகள் வெளிப்பட்டன. பாடம் கற்பதும் கற்றது மனத்தில் தங்குவதும் குறைந்தன. இதைத் தீங்கான மருந்தாக வகைப்படுத்த வேண்டும் என்று அவர்கள் ஒளிவுமறைவின்றி எழுதினார்கள். இலைக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் இந்தக் கட்டுரையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். போகக் கூடாது. கெத்தும் வெறும் மூலிகை என்று சொல்லும் வாய்ப்பை அந்த எலிகள் எடுத்துவிட்டன.

அப்படியானால் வழக்கு முடிந்ததா? முடியவில்லை. ஒரு மருந்து மார்ஃபின் போல இருக்கிறது என்பது வேறு, அதை எலி தானே தேடித் தேடி ஏற்றிக்கொள்ளுமா என்பது வேறு. இது வீக்ஸின் பெட்டியில் கேட்க வேண்டிய கேள்வி. பிடியை அழுத்தினால் தீனி இல்லை, மருந்து நேராக ரத்தத்தில். ஹெராயினுக்கும் மார்ஃபினுக்கும் எலி அழுத்திக்கொண்டே இருக்கும். மித்ராகைனினுக்கு? அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியே கேட்டன. கை யூ, ஜொனாத்தன் காட்ஸ் குழு மெத்தாம்ஃபெட்டமின் பழகிய எலிகளுக்கு அதை வைத்தது. ஸ்காட் ஹெம்பி குழு மார்ஃபின் பழகிய எலிகளுக்கு வைத்தது. இரண்டு முடிவும் 2018, 2019இல் வெளிவந்தன. எலிகள் மித்ராகைனினுக்காக அழுத்தவில்லை. கை விட்டுவிட்டன. அது மட்டுமல்ல, முன்கூட்டியே மித்ராகைனின் கொடுத்தால் ஹெராயினுக்கும் மார்ஃபினுக்கும் அழுத்துவதையும் குறைத்துக்கொண்டன. கெடாவில் 136 பேர் விக்னசிங்கம் குழுவிடம் சொன்னதையே எலிகள் திரும்பச் சொல்லின. 2020இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ரஹிமா ஹசான் குழு, மார்ஃபின் நிறுத்திய எலிகளின் வேதனையை மித்ராகைனின் தணிக்கிறது என்று சிகிச்சை மருந்துகளான மெத்தடோன், புப்ரனோர்ஃபின் இரண்டோடும் ஒப்பிட்டுக் காட்டியது.

ஹெம்பியின் ஆய்வில் இன்னொரு பாதியும் உண்டு. அதுதான் இன்றைக்கு அவசரமானது. 7-ஹைட்ராக்சிமித்ராகைனினை எலிகள் விரும்பி அழுத்தின. அது ஏறிய பிறகு மார்ஃபினுக்கும் கூடுதலாக அழுத்தின. ஒரே இலையின் இரண்டு பொருள்கள் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. பச்சை இலையில் இரண்டாவது பொருள் கடுகளவு. ஆனால் அதைப் பிரித்து, செறிவூட்டி, மாத்திரையாக்கி அமெரிக்கக் கடைகளில் விற்கத் தொடங்கிவிட்டார்கள். 2025 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கச் சொன்னது அந்தச் செறிவூட்டிய பொருளைத்தான், இலையை அல்ல. முன்பு 2016 ஆகஸ்ட்டில் இரண்டையும் சேர்த்துத் தடைசெய்யப் புறப்பட்ட அமெரிக்கப் போதைப்பொருள் துறை, எதிர்ப்பு வலுத்ததும் அக்டோபரிலேயே பின்வாங்கியிருந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும் 2021இல் இலையைக் கடுமையான மறுஆய்வுக்கு அனுப்பப் போதிய ஆதாரம் இல்லை, தொடர்ந்து கவனித்துவருவோம் என்று முடித்தது. அதே 2021 ஆகஸ்ட்டில், 1943இல் தடை போட்ட தாய்லாந்து, இலையைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

எலியின் சாட்சியத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 1970களின் இறுதியில் கனடாவில் புரூஸ் அலெக்சாண்டர், தனிக் கூண்டில் அடைத்த எலிகளையும், கூட்டமாக விளையாட இடமுள்ள பெரிய அடைப்பில் வாழவிட்ட எலிகளையும் ஒப்பிட்டார். தனித்திருந்த எலிகள் மார்ஃபின் தண்ணீரை அதிகம் குடித்தன. கூட்டத்தில் இருந்தவை குறைவாகக் குடித்தன. பிற்பாடு செய்துபார்த்தவர்கள் எல்லாருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் தோட்டம் துண்டாடப்பட்டு, கோயிலும் பள்ளியும் திடலும் இருந்த லயத்திலிருந்து பெயர்ந்து, அறிமுகமில்லாத அடுக்கு வீட்டின் நான்காம் மாடியில் குடியேறிய நம் பையன்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பரிசோதனை புரியும். மருந்தை மட்டும் எடைபோட்டு மனிதன் இருக்கும் கூண்டை எடைபோடாமல் விட்டால் கணக்கு தப்பாகும்.

மனிதரிடமும் ஒரு முறையான சோதனை நடந்தது. நீண்ட நாள் கெத்தும் குடித்த 26 ஆண்களிடம், யாருக்கு இலைநீர் யாருக்குப் போலி நீர் என்று இரு தரப்புக்கும் தெரியாதபடி கொடுத்து, பனிக்கட்டி நீரில் கையை வைக்கச் சொன்னார்கள். இலைநீர் குடித்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் வலி தாங்கிய சராசரி நேரம் 11.2 வினாடியிலிருந்து 24.9 வினாடியாகக் கூடியது. விக்னசிங்கம் குழுவும் யேல் பல்கலைக்கழகத்தின் மாரெக் சவார்ஸ்கியும் 2020இல் வெளியிட்ட முடிவு. வலிக்குக் குடிக்கிறோம் என்ற பேச்சும் கற்பனை அல்ல.

கெடா மந்திரி பெசார் சனுசி முகமட் நோர், கெத்துமை ஏற்றுமதிப் பொருளாக்கலாம் என்று வெளிப்படையாகப் பேசியவர். வருமானக் கணக்கிலிருந்து தொடங்கும் பேச்சில் எனக்கு நம்பிக்கையில்லை. அபின் குத்தகைக் காலத்திலும் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கியது. இறக்குமதி செய்யும் நாடு இலையிலிருந்து எதைப் பிரித்தெடுக்கிறது என்று கேட்காமல் மூட்டை கட்டுவது, எலி சொன்ன பதிலில் பாதியை மறைப்பதாகும். அதேபோல, ஹெராயினை விட்டு இலைக்கு வந்தவனை நான்கு ஆண்டு வரை உள்ளே வைக்கும் சட்டம், மறுபாதியை மறைக்கிறது. இலைநீர், செறிவூட்டிய பொருள், சிலர் இலைநீரோடு இருமல் மருந்து சேர்த்துக் குடிக்கும் கலவை ஆகிய மூன்றும் சட்டத்தில் மூன்றாகப் பிரிய வேண்டும். தன் உபயோகத்துக்குக் குடிப்பவர் சிகிச்சைக்குப் போக வேண்டும், நீதிமன்றத்துக்கு அல்ல.

கெடாவிலிருந்து இதை வாசிக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் யாராவது கெத்தும் குடிப்பது தெரிந்தால், முதலில் இருமல் மருந்தும் தூக்க மாத்திரையும் அதோடு சேராமல் பாருங்கள். உயிருக்கு ஆபத்து கலவையில்தான் அதிகம். அவர் ஹெராயினை விடப் போராடுகிறவர் என்றால் அரசாங்கக் கிளினிக்கில் மெத்தடோன் சிகிச்சை இருக்கிறது; 2005 முதல் நாட்டில் நடந்துவருகிறது. கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள்.